செம்பளவு நீர்

மயிலாடுதுறைக்கு மேற்கே, கும்பகோணம் செல்லும் சாலையில் உள்ள குத்தாலம், தேவாரம் பெற்ற திருத்துருத்தி. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமேனியில் கண்ட பிணி இத்தலத்துத் தீர்த்தத்தில் மூழ்கிய அளவிலே நீங்கிற்று என்பது வரலாறு. அந்தக் குளக்கரைப் படிக்கட்டில், புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், அறுபத்தெட்டு வயது நிரம்பிய பெரியவர் ஒருவர் காலை ஏழு மணி முதல் நண்பகல் வரை அசையாமல் அமர்ந்திருந்தார். அந்நேரம் அவர் இருந்திருக்க வேண்டிய இடம் மயிலாடுதுறையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் அறை. அங்கே செல்வதாகச் சொல்லித்தான் வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

அவர் ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதியவர். நாள்வழி, பேரேடு, ஐந்தொகை என்று எல்லாவற்றையும் கையால் எழுதிப் பழகிய பழைய தலைமுறை. கணினி வந்த பிறகும் முதலாளி அவரை விடவில்லை. அதில் வரும் தொகையை அவர் ஒருமுறை கூட்டிப் பார்த்துச் சரி என்றால்தான் அவருக்கு நிம்மதி. ஓய்வு பெற்றபோது கிடைத்த பணமும் சிறுகச் சேர்த்ததுமாக 4,20,000 ரூபாய் கையிருப்பு. வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியமாக மாதம் 2,600 ரூபாய். திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் பணிபுரியும் மகன் மாதந்தோறும் அனுப்பும் 8,000 ரூபாய். சொந்தமாக ஓர் ஓட்டு வீடு. கடன் என்ற சொல் அந்த வீட்டின் கணக்குப் புத்தகத்தில் அதுவரை எழுதப்பட்டதில்லை.

முந்தைய ஆண்டு ஆடி மாதத்தில் அவருடைய பாதங்கள் வீங்கின. நடந்த களைப்பு என்று எண்ணினார்கள். பின்பு முகம் வீங்கிற்று. உணவைக் கண்டாலே குமட்டிற்று. பல ஆண்டுகளாக இருந்த இரத்த அழுத்தம் இரு சிறுநீரகங்களையும் ஓசையின்றிக் கெடுத்துவிட்டிருந்தது. மருத்துவமனையில் தங்கியதற்கும், இடக்கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் அறுவைக்கும், முதல் சில டயாலிசிஸ்களுக்குமாக 2,10,000 ரூபாய் கரைந்தது. கையிருப்பில் சரிபாதி. மகன் தன் சிறுநீரகத்தைத் தருவதாக ஓடி வந்தான். “உனக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தப் பேச்சை இத்துடன் விடு” என்று தந்தை முடித்துவிட்டார். மனைவியும் முன்வந்தார், அவருக்குச் சர்க்கரை நோய் என்பதால் மருத்துவர்கள் ஏற்கவில்லை.

ஆகவே வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் இரண்டு ஊசிகள். ஒன்றின் வழியே இரத்தம் வெளியேறிக் கருவிக்குள் சென்று சுத்தமாகி மற்றொன்றின் வழியே உடலுக்குத் திரும்பும். ஒரு முறைக்கு 1,500 ரூபாய். மாதத்தில் பதின்மூன்று முறை. இரத்தம் ஊறுவதற்கான ஊசியும் மாத்திரைகளும் 5,500. ஆட்டோவுக்கு 3,000. இவ்வளவையும் கூட்டினால் 28,000 ரூபாய் ஆகிறது. அரிசியும் பருப்பும் மின்கட்டணமும் இதற்கு மேல்.

பணக்கணக்கு இவ்வாறிருக்க, அந்த அம்மையார் தனியே ஒரு நீர்க்கணக்கு வைத்திருந்தார். சிறுநீரகம் செயலிழந்தவர் பருகும் நீர் வெளியேற வழியின்றி உடலிலேயே தங்கி, நுரையீரலில் கோத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் கூடாது என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லிவிட்டார். அம்மையாரின் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளைச் செம்பு ஒன்று சரியாக அந்த அளவு கொள்ளும். விடியற்காலையில் அதை நிரப்பி அடுப்படி மாடத்தில் வைத்துவிடுவார். கணவருக்குக் காபி கொடுத்தால் அந்த அளவு நீரைச் செம்பிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றுவார். ரசம் கொடுத்தால் அதற்கும் அவ்வாறே. இரவு செம்பில் மிஞ்சுவது எதுவோ அதுவே அவருக்குரிய நீர். சில இரவுகளில் அது ஒரு மிடறு. சில இரவுகளில் ஒன்றுமில்லை.

நோயாளியைப் பார்க்க வருபவர்கள் இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவது நம் வழக்கம். இந்நோய்க்கு அவ்விரண்டும் ஆகாதவை. அவற்றிலுள்ள பொட்டாசியம் உடலில் தேங்கினால் இதயத் துடிப்பே நின்றுவிடக்கூடும். கறிகாயைக்கூட நறுக்கி வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். உப்பு மிகக் குறைவு. ஊறுகாயும் அப்பளமும் அறவே இல்லை. அம்மையார் வந்தவர்களின் மனம் நோகாமல் இளநீரை வாங்கிப் பூசையறையில் வைத்து, அவர்கள் சென்றபின் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவார். “ஒரு வாய் இளநீரில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று வற்புறுத்திய உறவினர்களும் உண்டு. அன்பினால் சொல்வதுதான். அன்பு சில வேளைகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

சனிக்கிழமைகளில் டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் பெருமாள் கோயிலுக்குச் செல்வார்கள். பட்டாச்சாரியார் உத்தரணியால் வார்க்கும் துளசித் தீர்த்தத்தைப் பெரியவர் உள்ளங்கையில் வாங்கி, நாவில் ஒரு துளி வைத்து, எஞ்சியதைத் தலையில் தடவிக்கொள்வார். தாகத்தில் தவித்தவருக்கு அந்தக் கையளவு நீர் எத்தனை பெரிதாகத் தோன்றியிருக்கும்!

தாகம் அவரைச் சிறுமைப்படுத்தியதும் உண்டு. பங்குனி வெயிலில் ஒரு நள்ளிரவு, அடுப்படியில் ஓசை கேட்டு அம்மையார் எழுந்து போய்ப் பார்த்தார். விளக்குப் போடாமல், குடத்திலிருந்து நேரே கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தார் கணவர். நாற்பத்து மூன்று ஆண்டு இல்வாழ்க்கையில் அவரை ஒரு சொல் கடிந்து அறியாத அம்மையார் அன்று தெரு கேட்கக் கத்திவிட்டார். “நான் ஒருத்தி ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் திருடிக் குடிக்கிறீர்களா?” திருட்டு என்ற சொல், பிறர் பணம் கோடிக்கணக்கில் புரண்ட மேசையில் ஒரு காசு பிசகாமல் உட்கார்ந்திருந்தவரின் மேல் விழுந்தது. மறுநாள் காலை அம்மையார் கோயிலில் அம்பாள் சந்நிதித் தூணுக்குப் பின்னே நின்று நெடுநேரம் அழுதார். வீட்டில் அழுவதற்கு இடமில்லை. அங்கே அவர் இருக்கிறார்.

வைகாசியில் கையிருப்பு தீர்ந்தது. அதற்குள் கணக்குப் புத்தகம் அம்மையாரின் கைக்கு வந்திருந்தது. டயாலிசிஸ் முடிந்த நாள்களில் பெரியவருக்கு எழுத உட்காரும் வலு இல்லை. ஒரு மாலை அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். வரவுப் பகுதியில் ஓர் இடத்தில் விரல் நின்றது. “தையல்நாயகி வரவு: 52,000.”

“யார் இந்தத் தையல்நாயகி?”

“அம்பாள்தான். கொடுத்தாள்.”

வைத்தீசுவரன்கோயில் அவர்களுடைய குலதெய்வத் தலம். புள்ளிருக்குவேளூர் என்பது அதன் தேவாரப் பெயர். அங்கே ஈசன் மருத்துவன்; அம்பிகை தையல்நாயகி. பெரியவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மனைவியின் கைகளைப் பார்த்தார். வளையல்களில் ஒன்று குறைந்திருந்தது. ஆடியில் மீண்டும் ஒரு “தையல்நாயகி வரவு: 52,000” ஏறியபோது அம்மையார் இரண்டு கைகளிலும் கண்ணாடி வளையல் மட்டுமே அணிந்திருந்தார். நகைக்கடனை வரவு என்று எழுதுவது கணக்கு முறைப்படி பிழை. வாழ்நாள் முழுவதும் பிறர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்தவர் இந்தப் பிழையைத் திருத்தவில்லை. ஆனால் அன்றிரவு தாமாகவே ஒரு கணக்குப் போடத் தொடங்கினார்.

புரட்டாசியில் அம்மையாருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. “நான் தனியே போய் வந்துவிடுகிறேன்” என்று பெரியவர் புறப்பட்டது அந்த வியாழக்கிழமைதான். பிற்பகலில் திரும்பினார். “எப்படி இருந்தது?” என்றதற்கு “எப்போதும் போலத்தான்” என்றார். அம்மையார் படுத்தபடியே அவருடைய இடக்கையைக் கவனித்தார. ஊசி குத்திய இரண்டு இடங்களிலும் பஞ்சு வைத்து ஒட்டியிருப்பார்கள். இரவு வரை அது இருக்கும். அன்று இல்லை. காய்ச்சல் மயக்கத்தில் அவருக்கு அதன் பொருள் உடனே விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவு பெரியவரால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினார். நூறு டிகிரி காய்ச்சலுடன் அம்மையார் தெருமுனை ஆட்டோக்காரரின் கதவைத் தட்டினார். மருத்துவமனை சென்று சேர்ந்தபோது நுரையீரலில் நீர் கோத்திருந்தது. விடியும் வரை கருவி ஓடிற்று.

இரண்டு நாள் கழித்து, மருத்துவமனைக் கட்டணத்தை எழுதப் புத்தகத்தைத் திறந்த அம்மையார் அதன் கடைசித் தாளில் கணவரின் கையெழுத்தைக் கண்டார். முறையான ஐந்தொகை. ஒரு பக்கம் வீடு, பாத்திரம், ஓய்வூதியம். மறு பக்கம் நகைக்கடன், வட்டி, மாதச் செலவு. கீழே இரண்டு வரிகள். “தொடர்ந்தால்: பதினைந்து மாதத்தில் வீடு போகும். நிறுத்தினால்: வீடு அவளுக்கு.”

அம்மையார் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். அழவில்லை. காய்ச்சலில் அதற்கும் தெம்பில்லை.

“இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது” என்றார்.

பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கூட்டிப் பார். இராது.”

“வீடு எனக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டில் செம்பில் நீர் நிரப்பி வைத்து நான் யாருக்குக் கொடுப்பது?”

அவரிடம் அதற்குப் பதில் இல்லை. வெகுநேரம் கழித்து, “உன்னுடைய வளையல்களை நான் வாங்கித் தரவில்லை. உன் அப்பா போட்டவை” என்றார். அவ்வளவு நாளும் அவரை உறுத்திக்கொண்டிருந்தது அதுதான் போலும். நோய் வந்தவருக்கு உடல் வலியைவிடப் பெரிய வலி, தாம் பிறருக்குச் செலவாகிறோம் என்பது. அதைச் சொல்லவும் முடியாது. சொன்னால் “அப்படியெல்லாம் பேசாதீர்கள்” என்று வாயை அடைத்துவிடுவார்கள். அம்மையார் அன்று வாயை அடைக்கவில்லை. “ஆமாம், பெரிய செலவுதான்” என்று ஒப்புக்கொண்டார். “செலவைக் குறைக்க வழி பார்ப்போம். ஆளைக் குறைக்க வேண்டாம்.”

அந்த வழி அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் வருந்தத்தக்கது. முன்பு அதே டயாலிசிஸ் அறை வாசலில் உடன் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி, தம் கணவரை அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொண்டு போனவர், பேருந்து நிலையத்தில் அம்மையாரைக் கண்டு விவரம் சொல்லியிருந்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டொன்றுக்கு 5,00,000 ரூபாய் வரை சிகிச்சைக்கு இடமுண்டு. டயாலிசிசும் அதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் போதும். அம்மையார் இதைச் சொன்னபோது பெரியவர் மறுத்துவிட்டிருந்தார். “இல்லாதவர்களுக்கு என்று வைத்ததை நாம் போய் வாங்குவதா? வருமானம் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்க என்னால் முடியாது.”

இப்போது மீண்டும் அதே மறுப்பு; குரல் மட்டும் தளர்ந்திருந்தது.

அம்மையார் சொன்னார்: “கோயிலில் விபூதி வாங்க வலக்கையை நீட்டுகிறீர்கள். பெருமாள் கோயிலில் தீர்த்தத்துக்குக் கையைக் குவிக்கிறீர்கள். அங்கே வாங்கக் கூச்சமில்லை. கொடுப்பவன் யார் என்று தெரிந்தவருக்கு எந்த வரிசையில் நின்றால் என்ன?”

பெரியவர் நின்றார். இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தார். கிராம நிர்வாக அலுவலர் கேட்ட கேள்விகளுக்கு விடை சொன்னார். படிவத்தில் ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் 31,200 என்று தம் அழகிய கையெழுத்தில் எழுதினார். மகன் தனிக் குடும்ப அட்டை உடையவன். அவன் அனுப்பும் பணத்தையும் சேர்த்து எழுத வேண்டுமா என்று அலுவலரிடம் இரண்டு முறை கேட்டாராம். வேண்டாம் என்ற பின்னும் மனம் ஒப்பாமல், சேர்த்தால் 1,27,200 ஆகிறதே என்றாராம். வேறு குடும்பத்திலிருந்து வரும் உதவி உங்கள் வருமானம் ஆகாது என்று அலுவலர் பொறுமையாக விளக்கிய பிறகே கையொப்பமிட்டார். அட்டை வந்தது. ஐப்பசி பிறக்கும் முன் அரசு மருத்துவமனையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. அங்கே கூட்டம் அதிகம். முறை சில நாள் பிற்பகலுக்குத் தள்ளிப் போகும். மின்விசிறி எல்லாக் கட்டிலுக்கும் எட்டாது. ஆனால் மாதச் செலவு 28,000 என்றிருந்தது 6,000க்குள் அடங்கிவிட்டது.

முதல் வாரமே அவர்கள் வைத்தீசுவரன்கோயிலுக்குச் சென்றார்கள். சித்தாமிர்த தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டு, உப்பும் மிளகும் செலுத்தினார்கள். வீட்டில் தம் நாவுக்கு மறுக்கப்பட்ட உப்பை அவர் இரு கை நிறைய அள்ளிச் சமர்ப்பித்தார். அத்தலத்தின் பிரசாதமாகிய திருச்சாந்துருண்டையை அம்மையார் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். மருத்துவரைக் கேட்காமல் உள்ளுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட விதி. வைத்தியநாதனை நம்புகிறவர் வைத்தியரை மீறுவானேன் என்பது அவர் எண்ணம். சரியான எண்ணம்.

அம்பாள் சந்நிதியில் குருக்கள் தல வரலாறு சொல்லிக்கொண்டிருந்தார். இறைவன் மருத்துவனாக எழுந்தருளியபோது அன்னை தைலப் பாத்திரமும், சஞ்சீவியும், வில்வ மரத்தடி மண்ணும் ஏந்தி உடன் வந்தாள் என்றார். நூறு முறை கேட்ட வரலாறுதான். பெரியவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அம்மையார் தோளில் தொங்கிய பையில் மாத்திரைப் பெட்டியும், மருத்துவச் சீட்டுகளும், அந்தப் பித்தளைச் செம்பும் இருந்தன. வெளியூர் போனாலும் செம்பு உடன் வரும்.

ஐப்பசி மாதம் முழுவதும் மயிலாடுதுறைத் துலாக் கட்டத்தில் காவிரி நீராட்டு. கங்கை முதலிய நதிகளும் தம்மிடம் சேர்ந்த பாவங்களைப் போக்கிக்கொள்ள அம்மாதத்தில் காவிரிக்கு வருவதாக ஐதிகம். கடைசி நாளான கடைமுழுக்கன்று மயூரநாதரும் அபயாம்பிகையும் காவிரிக் கரைக்கு எழுந்தருளுவர். பெரியவர் சிறுவயது முதல் ஓர் ஆண்டு கூடக் கடைமுழுக்குத் தவறியவர் அல்லர். நோய் கண்ட ஆண்டில்தான் முதன்முறையாகத் தவறியது. இவ்வாண்டு மருத்துவர் அனுமதி தந்திருந்தார். ஆயினும் கடைமுழுக்கு டயாலிசிஸ் நாளில் வந்து வாய்த்தது. முறை பிற்பகலுக்குத் தள்ளிப்போய், எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. தீர்த்தவாரி முடிந்து கூட்டம் கலைந்து எதிரே வந்துகொண்டிருந்தது. பெரியவர் ஆட்டோவில் சாய்ந்தபடி ஈரத்தலையுடன் செல்பவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“நாளைக்கு வருவோம்” என்றார் அம்மையார்.

வாசகர்கள் அறிந்ததுதான். முன்னொரு காலத்தில் கால் வழங்காத ஒருவன் கடைமுழுக்குக்காகத் தவழ்ந்து தவழ்ந்து வந்தான். வந்து சேர்ந்தபோது ஐப்பசி கழிந்துவிட்டது. அவன் உருகி அழ, ஈசன் அவனுக்காக ஒரு நாள் நீட்டித்து, கார்த்திகை முதல் நாளில் மூழ்கினாலும் அதே பலன் என்று அருளினார். முடவன் முழுக்கு என்று அந்நாளுக்குப் பெயர்.

கார்த்திகை முதல் நாள் காலை. மழை விட்டிருந்தது, காவிரி கலங்கலாக ஓடிற்று. முந்தைய நாள் போல் நெருக்கடி இல்லை. ஊன்றுகோலுடன் ஒரு கிழவர், பிறர் தோளைப் பற்றிக்கொண்டு ஒரு மூதாட்டி, சக்கர நாற்காலியில் ஓர் இளைஞன் என்று ஒரு சிறு கூட்டம். பெரியவர் இடக்கையில் ஊசித் தடங்களின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, அந்தக் கையை உயர்த்திப் பிடித்தபடி கீழ்ப்படியில் அமர்ந்தார். இறங்கி மூழ்க வலுவில்லை. அம்மையார் முழங்கால் அளவு நீரில் நின்று, பையிலிருந்த செம்பை எடுத்து முகந்து அவர் தலையில் ஊற்றினார். மீண்டும் முகந்து ஊற்றினார். ஓராண்டுக்கு மேலாக அவருக்கு நீரை அளந்தே கொடுத்த கை அது.

நீர் வழிந்த முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் பெரியவர் கேட்டார்: “எத்தனை செம்பு ஆயிற்று?”

“எண்ணவில்லை” என்றார் அம்மையார், இன்னொரு செம்பு முகந்தபடி.